சாயா மாத்திரை: வாரக்கணக்கும் வீட்டுக் கணக்கும்

கணவர் திருப்பூரிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன், மாமியாரோ அடுத்த பிள்ளை கேட்கிறார், கரு தரிக்காமல் இருக்க சாயா என்ற கருத்தடை மாத்திரை போதுமா என்கிறீர்கள்.

போதும். ஆனால் கணவர் வரும் வாரம் மட்டும் போட்டால் பலன் இல்லை. பலர் கோட்டை விடுவது இங்கேதான். மாதவிலக்கின் முதல் நாள் தொடங்குங்கள். முதல் 3 மாதம் வாரத்துக்கு 2 மாத்திரை (ஞாயிறு, புதன் மாதிரி), பிறகு வாரத்துக்கு 1. ஹார்மோன் கிடையாது, பால் குறையாது. விலக்கு தள்ளிப்போகலாம், "முழுகாம இருக்கியா" என்று மாமியார் ஆரம்பித்துவிடுவார். 15 நாள் தாண்டினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

மாத்திரை அட்டை யார் கண்ணிலும் படக்கூடாதென்றால் அந்தரா என்ற கருத்தடை ஊசி, 3 மாதத்துக்கு ஒன்று. கடைசி ஊசிக்குப் பின் கரு தரிக்க 7 முதல் 10 மாதம் ஆகலாம். இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், கணவர் கையெழுத்து வேண்டாம். ஆனாலும் போனில் அவரிடம் சொல்லிவிடுங்கள். இடைவெளி வேண்டுமென்று அம்மாவிடம் மகன் பேசினால்தான் எடுபடும்.