புதுசா திறந்த உய்குர் ரெஸ்டாரன்ட்ல முதல் தடவை என்ன ஆர்டர் பண்றது?

கேள்வி: சிட்னில வென்ட்வொர்த்வில் பக்கம் இருக்கோம். ஆபர்ன்ல புதுசா ஒரு உய்குர் ரெஸ்டாரன்ட் திறந்திருக்காங்க. நான், கணவர், எட்டு வயசு பையன், ஊர்லேருந்து வந்திருக்கிற அத்தை, நாலு பேரும் ஞாயித்துக்கிழமை போலாம்னு இருக்கோம். அத்தை சைவம், பையனுக்கு காரம் ஆகாது. இது சைனீஸ் சாப்பாடுதானா? காசு வீணாகாம என்ன வாங்கலாம்?

பதில்: சைனீஸ்னு நினைச்சு போனீங்கன்னா ஏமாந்துடுவீங்க. சீனாவோட வடமேற்கு மூலைல ஷின்ஜியாங்ல, கஷ்கர், ஹோத்தான், துர்பான் மாதிரி பாலைவனத்து ஓரத்து ஊர்கள்ல இருக்கிற முஸ்லிம் மக்கள்தான் உய்குர், பேசுறது துருக்கி மொழிக்கு சொந்தக்கார மொழி, அதனால பன்றிக்கறி கிடையாது, பெரும்பாலும் ஆட்டுக்கறிதான், உள்ள நுழைஞ்சதுமே சீரக வாசனைதான் மூக்குல ஏறும். சீரகத்துக்கு ஜீரா மாதிரியே ஸிரேன்னும் ரொட்டிக்கு நான்னும் அவங்களும் சொல்றாங்க, மெனுல பாதி நமக்கு தூரத்து சொந்தம் மாதிரி.

முதல்ல லக்மான் சொல்லுங்க. மைதா, உப்பு, தண்ணி போட்டு பிசைஞ்சு எண்ணெய் தடவி ஊற வச்ச மாவை ஆர்டர் வந்தப்புறம் கையால இழுத்து இழுத்து நூடுல்ஸ் ஆக்கி வேகவச்சு, ஆட்டுக்கறி, தக்காளி, குடமிளகாய், பூண்டு எல்லாம் பெரிய தீயில வதக்கி மேல ஊத்துவாங்க. கொஞ்சம் லேட்டா வரும், அவசரப்படாதீங்க. பாக்கெட் நூடுல்ஸ் போட்டு குடுத்தா அந்த கடைக்கு திரும்ப போகவேண்டாம், இந்த ஒரு ஐட்டத்துலயே சமையல்காரர் கை தெரிஞ்சுடும்.

பையனுக்கு போலோ. அரிசி, ஆட்டுக்கறி, வெங்காயம், நிறைய கேரட், கொஞ்சம் சீரகம், அவ்வளவுதான், மிளகாயே இல்ல. பிரியாணி மாதிரி மசாலா எதிர்பார்த்து சப்புனு இருக்குன்னு சொல்லாதீங்க, கேரட்டோட இனிப்பும் கறிக் கொழுப்பும் அரிசில இறங்கினதுதான் அதோட ருசி. பெரிய பாத்திரத்துல மொத்தமா செய்றது, லேட்டா போனா தீர்ந்திருக்கும், மத்தியானமே போங்க. குச்சில சுடுற கவாப்புக்கு மேல மிளகாத்தூள் தூவுவாங்க, பையனுக்குன்னா தூவாம கேளுங்க. விலை ஒரு குச்சிக்கா ஒரு பிளேட்டுக்கான்னும் கேட்டுக்கோங்க.

எல்லாரும் போட்டோ போடுற பெரிய தட்டு சிக்கனை இந்த தடவை விட்டுடுங்க. நல்ல ஐட்டம்தான், எலும்போட சிக்கன், உருளைக்கிழங்கு, காய்ஞ்ச மிளகாய், நாக்கு மரத்துப்போற சிச்சுவான் மிளகு, அடியில பட்டை நூடுல்ஸ். ஆனா உங்க நாலு பேர்ல ரெண்டு பேர்தான் அதை தொடுவீங்க, பாதி மிஞ்சும்.

அத்தை விஷயத்துல நான் பூசி மெழுக மாட்டேன். போலோல கறியை எடுத்துட்டு அரிசி மட்டும் போடுங்கன்னா அது சைவம் ஆகாது, ஒரே பாத்திரத்துல வெந்தது. சம்சாவும் பேர்தான் நம்ம சமோசா மாதிரி, உள்ள ஆட்டுக்கறியும் கொழுப்பும்தான் இருக்கும். கறி போடாம காய் மட்டும் வச்சு லக்மான் செஞ்சு குடுப்பாங்க, கறி சூப் ஊத்தாம, ஆட்டுக்கொழுப்புல வதக்காம வெறும் எண்ணெய்ல செய்யச் சொல்லுங்க, மாவுல முட்டை இருக்கான்னும் கேளுங்க. வேற சட்டில வதக்க முடியுமான்னு முதல்லயே போன் பண்ணி கேளுங்க, முடியாதுன்னுட்டா அத்தையை அங்க கூட்டிட்டு போய் டீ குடிக்க வச்சு உக்கார வைக்காதீங்க.

இன்னொண்ணு, பரிமாறுறவங்ககிட்ட ஊருக்கு எப்ப போனீங்க, சொந்தக்காரங்க எப்படி இருக்காங்கன்னு சாதாரணமா கேட்டுடாதீங்க. ஷின்ஜியாங்ல சீன அரசு உய்குர் மக்களை அடைச்சு வச்சது மனித குலத்துக்கு எதிரான குற்றமா இருக்கலாம்னு ஐ.நா. மனித உரிமை அலுவலகமே 2022ல அறிக்கை குடுத்திருக்கு, வெளிநாட்டுல இருக்கிற நிறைய பேருக்கு வீட்டோட பேச்சே இல்ல. அவங்களா சொன்னா கேளுங்க. சாப்பாட்டைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க, சந்தோஷமா சொல்வாங்க.

ஞாயித்துக்கிழமைன்னு சொன்னதால பில் விஷயம். வார இறுதிக்கு தனி சதவீதம் சேர்க்கிறதுன்னா மெனுல விலை தெரியிற அளவுக்கு தெளிவா அதை போட்டிருக்கணும், ஆஸ்திரேலியாவுல அதுதான் சட்டம். மெனுல இல்லாம பில்லுல மட்டும் வந்தா கவுண்டர்லயே எடுக்க சொல்லுங்க.