நொய்யலின் உப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'சுற்றுச்சூழல் மாசு: காரணங்கள், விளைவுகள், தடுக்கும் வழிகள்' என்று கட்டுரை கொடுத்திருந்தேன். எல்லாத் தாளிலும் ஒரே பதில்தான். தொழிற்சாலை, வாகனம், பிளாஸ்டிக். மரம் நடுவோம், விழிப்புணர்வு பெறுவோம். மதிப்பெண் போட்டுவிட்டேன். இவர்களில் பாதிப்பேரின் பெற்றோர் பனியன் கம்பெனிக்கும் சாயப்பட்டறைக்கும் வேலைக்குப் போகிறவர்கள். சோறு போடும் தொழிலைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வகுப்பில் என்ன சொல்வது?

எம்., பல்லடம்

அன்புள்ள எம்.,

கட்டுரைகளில் பிழையில்லை, ஊர்தான் இல்லை. அதே கட்டுரையை அரியலூரிலும் எழுதலாம், அம்பத்தூரிலும் எழுதலாம். உங்களுக்குத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவைச் சுமந்த நொய்யல் ஆறு பக்கத்திலேயே இருக்கிறது. உப்பிலிருந்து தொடங்குங்கள்.

பருத்தித் துணிக்குப் போடும் சாயம் தண்ணீரிலேயே நிற்கப் பார்க்கும். உப்பைக் கொட்டினால்தான் நூலில் ஏறும். கறுப்பு, நேவி புளூ போன்ற அடர்நிறங்களுக்கு லிட்டருக்கு 80 கிராம் வரைகூட உப்புப் போவதுண்டு. சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு அப்படியே கழிவுநீரில் வந்து நிற்கும்.

பல வருடம் எல்லோரும் கண்ணுக்குத் தெரிந்த நிறத்தோடுதான் மல்லுக்கட்டினார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டு நிறத்தைப் படியவைத்தார்கள். வெளியே வந்த தண்ணீர் ஓரளவு தெளிவாகவே இருந்தது. கரைந்த உப்பை, ஊரில் எல்லோரும் டிடிஎஸ் என்று சொல்வதை, அந்த முறை தொடவே இல்லை. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்ற விதி காகிதத்தில் இருந்தது.

அந்தத் தண்ணீர் நொய்யல் வழியே போய்ச் சேர்ந்த இடம், ஆற்றின் குறுக்கே சென்னிமலைப் பக்கத்தில் இருக்கும் ஒரத்துப்பாளையம் அணை. சுமார் 20,000 ஏக்கர் பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்தது. ஓடியிருந்தால் காவிரியில் கலந்து கொஞ்சமாவது நீர்த்திருக்கும். தேங்கியதால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் இறங்கிவிட்டது. உப்பிலுள்ள சோடியம் களிமண் துகள்களின் பிணைப்பை உடைத்துவிடும்; ஈரத்தில் குழைந்து, காய்ந்தால் சிமென்ட் தரை மாதிரி இறுகும், மழை பெய்தாலும் உள்ளே இறங்காது. தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும் மரம். அதற்கே ஓலை நுனி கருகிக் காய் சிறுத்தது. மஞ்சளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தண்ணீரைத் தேக்காதே என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்ட பாசன அணை, நான் கேள்விப்பட்டவரை இது ஒன்றுதான்.

அவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று 2006-இல் உத்தரவு வந்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்படியும் நடக்காததால், 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதில் விழிப்புணர்வு எங்கே வருகிறது? பட்டறைக்காரர்களுக்கு உப்பைப் பற்றி நம்மைவிட நன்றாகவே தெரியும். கழிவைச் சுத்தம் செய்தால் துணி கிலோவுக்குச் சில ரூபாய் கூடும். பக்கத்துப் பட்டறைக்காரர் செய்யாவிட்டால் ஆர்டர் அங்கே போய்விடும். அந்தக் கணக்கில் எவ்வளவு நல்லவரும் தோற்பார். எல்லோருக்கும் ஒன்றாகப் பூட்டு விழுந்தபோதுதான் கணக்கு மாறியது. அதுவரை பனியன் விலையில் ஒரு பங்கைச் சென்னிமலை விவசாயி கட்டிக்கொண்டிருந்தார். தொழிலைக் குறை சொல்லாமலேயே இதை வகுப்பில் சொல்லலாம். மூடிய மாதங்களில் வேலையிழந்து ஊருக்குப் பஸ் ஏறியவர்களில் உங்கள் பிள்ளைகளின் பெற்றோரும் இருக்கலாம். வீட்டில் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

சரி, அதோடு முடிந்ததா என்றால், இல்லை. இப்போது ஆர்.ஓ. வைத்து நல்ல தண்ணீரைப் பிரித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். மிஞ்சும் உப்புக்கரைசலையே திரும்பச் சாயத்தொட்டிக்கு அனுப்பும் முறையும் வந்திருக்கிறது. அது உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம். அதற்கும் மிஞ்சுவதைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். கொதிகலனுக்கு விறகோ நிலக்கரியோ வேண்டும், அங்கே புகை. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்குகிறார்கள். இத்தனை செலவுக்கும் மனமில்லாதவர்கள் கள்ளத்தனமாகச் சாயம் போடுகிறார்கள். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் அனுமதியில்லாத பட்டறைகளை இடித்தார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. அப்புறம், நொய்யலில் நுரையைப் பார்த்ததும் பட்டறைப் பக்கம் கை நீட்டுகிறோம். கோவை, திருப்பூர் வீடுகளின் சாக்கடையும் அதில்தான் விழுகிறது.

ஒரு யோசனை. பேனா அளவில் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பள்ளிக்கு ஒன்று வாங்குங்கள். பிள்ளைகள் வீட்டு போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் என்று ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரட்டும். கோடையில் ஒரு தடவை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவை அளந்து, ஊர்ப்பெயரோடு நோட்டில் குறித்துவையுங்கள். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நீங்களே வாளியில் மொண்டு வாருங்கள், பிள்ளைகளை இறங்கவிட வேண்டாம்.