நாமினி மட்டும்தான் மாட்டுவாரா, எம்.டி.யும் மாட்டுவாரா?

கேள்வி: எங்கள் இரண்டு வயது மகளுக்கு டப்பாவில் வரும் குழந்தை உணவைக் கொடுத்துவந்தோம். எட்டு மாதத்துக்கு முன் திடீரென்று கடும் காய்ச்சல், ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. ஐ.சி.யூ.வில் சேர்த்துத்தான் காப்பாற்றினோம். மலப் பரிசோதனையில் சால்மோனெல்லா கிருமி என்று வந்தது. புகார் கொடுத்த பிறகு உணவுப் பாதுகாப்பு அலுவலர், விநியோகஸ்தர் கிடங்கில் இருந்த அதே பேட்ச் டப்பாக்களில் மாதிரி எடுத்தார். 'பாதுகாப்பற்ற உணவு' என்று அறிக்கை வந்துவிட்டது. கம்பெனியோ, "ஆலையின் தர மேலாளர்தான் சட்டப்படி பொறுப்பாளர், இயக்குநர்களுக்குச் சம்பந்தமில்லை" என்கிறது. ஒரு தொகை வாங்கிக்கொண்டு புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி ஆளும் அனுப்புகிறார்கள். எம்.டி.யை, அதாவது நிர்வாக இயக்குநரை, கூண்டில் ஏற்ற வழி உண்டா ஐயா?

பதில்: வழி உண்டு. ஆனால் அவருடைய பதவியைக் காட்டி மட்டும் ஏற்ற முடியாது. அவருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும், தெரிந்தும் என்ன செய்யாமல் விட்டார் என்பதைக் காட்ட வேண்டும். உங்கள் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கம்பெனி சொல்வது பாதி சரி. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-ன் 66-வது பிரிவைப் பாருங்கள். கம்பெனி குற்றம் செய்தால், அந்தச் சமயத்தில் அதன் தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்த ஒவ்வொருவரும் கம்பெனியோடு சேர்ந்து குற்றவாளி என்று அது தொடங்குகிறது. அதற்குள்ளேயே ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. பல ஆலைகள், கிளைகள் உள்ள கம்பெனி, ஒவ்வொன்றுக்கும் ஒருவரை உணவுப் பாதுகாப்புப் பொறுப்பாளராக நியமித்தால், அந்த இடத்தில் நடந்த தவறுக்கு அவர் பொறுப்பாவார். இவரைத்தான் நாமினி என்கிறோம். சம்பளம் வாங்கும் ஒரு தர மேலாளரின் தலையில் இதைக் கட்டிவிட்டு மேலே உள்ளவர்கள் நிம்மதியாக இருப்பது இந்தத் துறையில் நெடுநாள் வழக்கம்.

முதலில் அந்த நியமனம் உண்மையா என்று பாருங்கள். அதற்கென்று படிவம் 9 இருக்கிறது. அது, அந்தப் பகுதியின் உணவுப் பாதுகாப்பு நிர்வாகத்தைக் கவனிக்கும் நியமன அலுவலரிடம் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, எந்த ஆலைக்கு, யார் பெயரில் என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் டப்பா தயாரான தேதிக்குப் பிறகு கொடுத்திருந்தாலோ, வேறு ஆலைக்கு என்று இருந்தாலோ கேடயம் உடைந்தது. அப்போது எம்.டி. நேரடியாக வருவார். காசோலை வழக்கு ஒன்றில் 2005-ல் உச்ச நீதிமன்றம், இயக்குநர் என்ற பெயர் மட்டும் போதாது, ஆனால் நிர்வாக இயக்குநர் அந்தப் பதவியாலேயே தொழிலை நடத்துபவர்தான் என்று சொல்லியிருக்கிறது. அங்கே பேசப்பட்ட பிரிவின் வாசகமும் 66(1)-ன் வாசகமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, நியமனம் முறையாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 66-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இருக்கிறது. இயக்குநர், மேலாளர், செயலாளர் என்று யாருடைய சம்மதத்தாலோ, கண்டும் காணாமல் விட்டதாலோ, அலட்சியத்தாலோ குற்றம் நடந்தது என்று நிரூபித்தால் அவரும் குற்றவாளி. 'அலட்சியம்' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சதி செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை.

நிரூபிப்பது எதை வைத்து? கம்பெனியின் சொந்தக் காகிதங்களை வைத்துத்தான். குழந்தை உணவு செய்யும் ஆலையில் ஒவ்வொரு பேட்சுக்கும் நுண்ணுயிர்ப் பரிசோதனைக் குறிப்பு இருக்க வேண்டும். தரை, வடிகால், டப்பா நிரப்பும் இயந்திரத்தைச் சுற்றிப் பஞ்சால் துடைத்து எடுத்த ஸ்வாப் பரிசோதனை முடிவுகள் இருக்கும். 'சால்மோனெல்லா இருக்கிறது' என்று முன்பே ஒரு தாள் மேலே போயிருந்தால், அதன்மேல் யார் கையெழுத்துப் போட்டார்கள்? முடிவு வருவதற்கு முன்பே சரக்கை அனுப்பச் சொன்னது யார்? தர மேலாளர் இயந்திரத்தை நிறுத்தக் கேட்டு, செலவைக் காரணம் காட்டி மறுத்தார்களா? இப்படி ஒரே ஒரு மின்னஞ்சல் கிடைத்தால் போதும், கதை மாறிவிடும். நாமினியாக மாட்டிய அந்த மேலாளரே சில சமயம் நமக்கு நல்ல சாட்சியாக மாறுவார். அவரை எதிரியாகவே பார்க்காதீர்கள்.

அமெரிக்காவில் கடலைப் பொருள் நிறுவனம் ஒன்றின் தலைவர் ஸ்டூவர்ட் பார்னலுக்கு 2015-ல் 28 வருடம் சிறை கொடுத்தார்கள். 2008-09-ல் பரவிய சால்மோனெல்லாவில் ஒன்பது பேர் இறந்த வழக்கு அது. அவர் மாட்டியது பதவியால் அல்ல. போலிப் பரிசோதனைச் சான்றுகளும், விஷயம் தெரிந்தே சரக்கை அனுப்பச் சொன்ன அவருடைய மின்னஞ்சல்களும்தான் மாட்டிவைத்தன. அதே நாட்டில் 1975-ல், கிடங்கில் எலி ஓடியதற்காகப் பெரிய மளிகைச் சங்கிலியின் தலைவர் பார்க் என்பவரைத் தண்டித்தது செல்லும் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. தடுக்கும் அதிகாரம் கையில் இருந்தும் தடுக்காததே குற்றம் என்றார்கள். அபராதம் என்னவோ மொத்தம் 250 டாலர்தான்! நம் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. எனக்குத் தெரியாது, உரிய எச்சரிக்கையோடுதான் நடந்துகொண்டேன் என்று நிரூபித்துத் தப்பிக்க வழி கொடுக்கிறது.

அந்தக் காகிதங்களை நீங்கள் போய்க் கேட்டால் தரமாட்டார்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு ஆலைக்குள் நுழையவும் ஆவணங்களைக் கைப்பற்றவும் அதிகாரம் இருக்கிறது. மேலே சொன்னவற்றைப் பெயர் குறிப்பிட்டு, இன்ன பேட்ச், இன்ன மாதங்கள் என்று எழுதி மனு கொடுங்கள். 'தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று முடிகிற மனுவை வாங்கி ஃபைலில் போட்டுவிடுவார்கள். கம்பெனி, நாமினி, எம்.டி. மூவரையும் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், கம்பெனிக்குத் தண்டனை இல்லாமல் நாமினியை மட்டும் தண்டிக்க முடியாது என்றது. எம்.டி. என்ன செய்தார் என்று புகாரில் ஓரிரு வரியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் வழக்கையே ரத்து செய்யக் கேட்கும் குவாஷ் மனு போட்டு வெளியே போய்விடுவார்.

போலீசுக்குப் போவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். கலப்பட உணவு பற்றிய பொதுத் தண்டனைச் சட்டப் பிரிவுகளைவிட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 59-வது பிரிவே மேலானது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அந்தப் பிரிவின்படி, கொடுங்காயம் என்றால் ஆறு வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். சாதாரணக் காயம் என்றால் ஒரு வருடம்தான். ஆகவே குழந்தையின் உயிருக்கு ஆபத்து இருந்தது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் மருத்துவரிடம் தனிச் சான்று வாங்குங்கள். மலப் பரிசோதனையில் வளர்த்த கிருமியை ஆய்வகம் இன்னும் வைத்திருந்தால், தூக்கிப் போட வேண்டாம் என்று இன்றே எழுதிக் கொடுங்கள். டப்பாவில் இருந்த கிருமியோடு ஒப்பிட அது வேண்டும்.

"பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை" என்று அம்மாவின்மேல் பழி போடுவார்கள். இது எல்லா வழக்கிலும் வரும். நீங்கள் பிரித்த டப்பாவை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. அலுவலர் எடுத்த, சீல் உடையாத டப்பாதான் பதில் சொல்லும். உலர்ந்த பொடியில் சால்மோனெல்லா பெருகாவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சீலுக்குள் இருந்தால் அது ஆலையிலிருந்து வந்ததுதான். அறிக்கையை எதிர்த்துக் கம்பெனி மேல்முறையீடு செய்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். செய்திருந்தால், மறுபரிசோதனை செய்யும் ரெஃபரல் ஆய்வகத்தின் முடிவே இறுதி. உங்கள் டப்பாவையும் பேட்ச் நம்பர் தெரியும்படி பத்திரமாக வைத்திருங்கள்.

அப்புறம் அந்தப் பணம். சிறைத் தண்டனை உள்ள குற்றத்தைச் சமரசம் செய்து முடிக்க இந்தச் சட்டம் இடம் தரவில்லை. நீங்கள் வாபஸ் வாங்கினாலும் வழக்கு அரசுடையது. ஆனால் முக்கியச் சாட்சி பின்வாங்கிவிட்டார் என்ற காகிதம் அவர்கள் கைக்குப் போய்விடும், அதுதான் அவர்களுக்கு வேண்டும். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுங்காயத்துக்கு மூன்று லட்சம் வரை இழப்பீடு 65-வது பிரிவிலேயே உண்டு. அது போதாது என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அதற்கு இரண்டு வருடக் கெடு.

குற்ற வழக்குக்குக் கெடு ஒரு வருடம்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையர் காரணத்தை எழுதி மூன்று வருடம் வரை நீட்டலாம், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். உங்களுக்கு எட்டு மாதம் போய்விட்டது. இந்த வாரமே நியமன அலுவலர், உணவுப் பாதுகாப்பு ஆணையர் இருவருக்கும் மனு கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.