சின்னம் முந்திக்கொண்டால்

அன்புள்ள ஐயா,

அரசுத் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். புரொஜெக்டர் வந்ததிலிருந்து பாடக் கதைகளை பவர்பாயின்ட்டில் செய்து காட்டுகிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சின்னப் படம், ஸ்பெயினின் அராசாக் தளத்தில் இலவசமாகக் கிடைப்பவை. ‘முயல்’ என்றால் முயல் துள்ளி வரும், சத்தமும் உண்டு. எழுத்தே கூட்டத் தெரியாத பிள்ளைகள்கூட இப்போது கடகடவென்று வாசிக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள ஒரு பையனும் உட்கார்ந்து கதை கேட்கிறான். வட்டார வள மையத்தில் மற்ற ஆசிரியர்களுக்குச் செய்துகாட்டச் சொல்லியிருக்கிறார்கள். படங்கள் வண்ணத்தில் இருக்கலாமா, கறுப்பு வெள்ளையிலா? சொல்லுக்கு மேலேயா, கீழேயா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு ராத்திரி லேப்டாப்பைத் திறந்து பிள்ளைகளுக்காக முயல் தேடுகிற ஒருவரிடம் கோபப்பட யாருக்கும் மனசு வராது. எனக்கும் வரவில்லை, அந்தக் ‘கடகடவென்று’ வரும்வரை.

எழுத்தே கூட்டத் தெரியாதவர்கள் எப்படி டீச்சர் வாசிப்பார்கள்? நீங்கள் எழுதிய வாக்கியத்தை நீங்களே இன்னொரு தரம் படித்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் போன மாதம் என்னிடம் ஒரு படப் புத்தகத்தைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினான். ‘பட்டம் பறக்குது’ என்று அச்சிட்டிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ‘காத்தாடி பறக்குது’ என்றான். படத்தை உள்ளங்கையால் மூடினேன். விரல் ‘ப’வில் நின்றது, அவன் என் முகத்தைப் பார்த்தான். புத்திசாலிப் பிள்ளை. சுலபமான வழி இருக்கும்போது கஷ்டமான வழியில் போக அவனுக்கு என்ன பைத்தியமா? அன்றிலிருந்து இதே யோசனையில் இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

எங்கள் அப்பத்தா ஒரு தேர்தலையும் விட்டதில்லை. நம் நாட்டில் 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே சின்னங்கள் வந்துவிட்டன, அவளைப் போன்றவர்களுக்காக. பிற்பாடு வந்த வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரும் சின்னமும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். சாவடிக்குப் போகும் வழியெல்லாம் சுவர்களிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். அவ்வளவு காலம் பார்த்தும் அவளுக்கு ஓர் எழுத்து பிடிபடவில்லை. ஏன் பிடிபட வேண்டும்? படிக்காமலே காரியம் நடக்கட்டும் என்றுதானே சின்னத்தை வைத்தார்கள், அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. சின்னத்துக்குப் பக்கத்தில் எழுத்து இருந்தால் எழுத்து தானாக ஒட்டிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்துவிடும். நான் கல்லூரியிலிருந்து போட்ட கடிதங்களை அவள் தபால்காரரிடம்தான் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பக்கத்து வீட்டில் கேட்டால் சங்கதி ஊருக்குத் தெரிந்துவிடுமாம். அந்தப் பயம் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.

1967இல் அமெரிக்காவில் ஜே சாமுவெல்ஸ் என்பவர் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார். படத்தோடு சொல் கற்ற குழந்தைகள் கற்கும்போது டக் டக்கென்று பதில் சொன்னார்கள். படத்தை எடுத்துவிட்டுக் கேட்டால், படமே இல்லாமல் கற்றவர்கள்தான் கூடுதலாகச் சொன்னார்கள். உங்கள் வகுப்பிலும் ஒரு நாள் அதே கதையை வெறும் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பாருங்கள். தெரிந்துவிடும்.

இதில் தமிழுக்கென்று ஒரு தொல்லை வேறு. ‘மரத்தில்’, ‘மரத்தை’, ‘மரத்திலிருந்து’ எல்லாவற்றுக்கும் தலையில் அதே மரம்தானே வைப்பீர்கள்? ‘வராது’ என்பதற்கு நடந்து வருகிற ஆளைப் போட்டால் கதையே தலைகீழ். நம் சொற்களில் பாதி விஷயம் வாலில் இருக்கிறது, படமோ தலையை மட்டும் காட்டுகிறது. வாலைப் படிக்காத பிள்ளை மூன்றாம் வகுப்பில் திண்டாடும்.

அதற்காக ஸ்லைடைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அச்சுப் புத்தகத்தில் படமும் சொல்லும் ஒரே நேரத்தில் கண்ணில் படும், அதைத் தடுக்க வழியில்லை. ஸ்லைடில் உண்டு. முதலில் சொல் மட்டும் வரட்டும். பிள்ளைகள் வாயைத் திறக்கும்வரை உங்கள் கை மவுஸுக்குப் போகக் கூடாது. திக்கட்டும், தப்பாகச் சொல்லட்டும், ‘பட்’ வரை வந்து நிற்கட்டும். சொல்லி முடித்த பிறகு ஒரு கிளிக்கில் படம் வந்து ‘ஆமாம், அதேதான்’ என்று சொன்னால் போதும். அனிமேஷனை ‘ஆன் கிளிக்’கில் வையுங்கள், சொல்லோடு சேர்ந்தே படமும் வந்துவிடுகிற ‘வித் ப்ரீவியஸ்’ வேண்டவே வேண்டாம். வாரம் போகப் போக ஒவ்வொரு படமாகக் கழற்றிவிடுங்கள். கதையின் சூழல் புரிய ஆரம்பத்தில் ஒரு பெரிய படம் காட்டுவதில் தப்பே இல்லை, நானும் காட்டுவேன். எதையாவது அசைத்தே தீர வேண்டும் என்றால் எழுத்தை அசையுங்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பிரிஜ் கோத்தாரி 1996இல் யோசித்த காரியம் இது: டிவியில் ஓடும் சினிமாப் பாட்டுக்கு அதே மொழியில் வரிகள், பாடப் பாட அந்தந்தச் சொல் நிறம் மாறும். கண் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. துள்ளுகிற முயல் அதைத்தான் கெடுக்கிறது. சத்தத்தைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

பிள்ளைகள் தாங்களே எடுத்துப் படிக்கிற நம் செயல்வழிக் கற்றல் அட்டைகளிலும் சின்னம் இருந்தது, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியபோது. அடுத்து எந்த அட்டையை எடுப்பது என்று பிள்ளைக்குக் காட்டத்தான் அது. அட்டைக்குள் இருந்ததை வாசிப்பது பிள்ளையின் வேலையாகவே இருந்தது. அது சரியான இடம்.

ஆட்டிசம் உள்ள அந்தப் பையன் விஷயம் முற்றிலும் வேறு, இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். சார்லஸ் பிளிஸ் என்பவர் உலகத்துக்கெல்லாம் பொது எழுத்தாக இருக்கட்டும் என்று உருவாக்கிய குறியீடுகளை, 1971இல் டொரன்டோவில் பேச்சு வராத பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலகையில் குறியைத் தொட்டுத் தொட்டு அந்தப் பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். உங்கள் பையனுக்கும் சின்னங்கள் பேச்சாகவே ஆகலாம். அவன் கையில் எப்போதும் இருக்கும்படி அச்செடுத்து அட்டையாகக் கொடுங்கள், மணி அடித்ததும் பிடுங்கி வைக்காதீர்கள். மற்றவர்களுக்குப் படத்தைக் கழற்றும்போது அவனுக்கும் சேர்த்துக் கழற்றிவிடாதீர்கள். அவனோடு சிறப்பாசிரியர் யாராவது வேலை செய்கிறார் என்றால் என்னைவிட அவர் பேச்சைக் கேளுங்கள்.

வண்ணமா கறுப்பு வெள்ளையா என்றால், எதுவானாலும் சரி. மேலே, கீழே, அதுவும் அப்படித்தான்.

வட்டார வள மையத்துக்குத் தனியாக ஒரு ஸ்லைடு செய்துவிடுங்கள். அங்கே வருகிறவர்களுக்கு வாசிக்கத் தெரியும், முயல் எவ்வளவு வேண்டுமானாலும் துள்ளட்டும்.

அன்புடன்.