குழந்தைக்கு டி.பி. சந்தேகம்: உடனே சி.டி. ஸ்கேன் எடுக்கணுமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு 4 வயது. மூன்று வாரமாக இருமல், எடையும் ஏறவில்லை. அவனைத் தூக்கி வளர்த்த என் மாமனாருக்குப் போன மாதம்தான் டி.பி. மருந்து ஆரம்பித்தார்கள். பையனின் எக்ஸ்ரேயில் 'உள்ளே நெறி கட்டியிருக்கலாம், சி.டி. எடுங்கள்' என்றார்கள். எடுக்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம் அம்மா. முதலில் அந்த எக்ஸ்ரே சரியாக எடுக்கப்பட்டதா என்று பார்ப்போம்.

பெரியவர்களுக்கு டி.பி. வந்தால் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில் புண்ணும் குழியும் தெரியும். சின்னக் குழந்தைகளுக்கு அப்படியில்லை. மூச்சுக்குழல் பிரியும் இடத்தை ஒட்டிய நெறிகள்தான் வீங்கும். அவை இதயத்தின் நிழலில் மறைந்துகொள்ளும். அதனால் நேர்ப்படத்தோடு பக்கவாட்டுப் படமும் எடுத்துப் பார்ப்பது நல்லது.

குழந்தை திரும்பியபடி இருந்தாலோ, மூச்சை விட்ட நேரத்தில் எடுத்தாலோ இல்லாத வீக்கம் இருப்பதுபோல் தெரியும். இந்த வயதில் நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியின் நிழலைக் கட்டி என்று நினைப்பதும் உண்டு. படம் எடுக்கும்போது நீங்கள் கூடவே நின்று பிள்ளையை நேராகப் பிடியுங்கள் (வயிற்றில் கரு இருந்தால் வேறு யாராவது நிற்கட்டும்). கழுத்துக் கயிறு, தாயத்தைக் கழற்றிவிடுங்கள். தாயத்தின் நிழல் நுரையீரல் மேலேயே விழுந்த படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சி.டி.யில் கதிர்வீச்சு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு. நரம்பில் மருந்தும் செலுத்த வேண்டும், சில பிள்ளைகளுக்கு மயக்கமும் தேவைப்படும். எக்ஸ்ரேயில் தெளிவில்லாமல் சந்தேகம் மட்டும் பலமாக இருந்தால், அல்லது நெறி மூச்சுக்குழலை அழுத்தி ஒரு பக்கம் மட்டும் இழுப்பு கேட்டால், அப்போது சி.டி. உதவும். கழுத்து நெறி, நெஞ்சில் நீர், வயிறு இவற்றுக்குக் கதிர்வீச்சே இல்லாத அல்ட்ராசவுண்ட் போதும். மூளை, முதுகெலும்பு என்றால் எம்.ஆர்.ஐ.

எந்தப் படமும் கிருமியைக் காட்டாது. பிள்ளைகள் சளியை விழுங்கிவிடுவார்கள். அதனால் காலையில் வெறும் வயிற்றில் மூக்குக் குழாய் வழியாக இரைப்பை நீர் எடுத்து கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் சோதனைக்கு அனுப்புவார்கள். மலத்திலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். குழந்தைகளிடம் கிருமி குறைவு என்பதால், 'இல்லை' என்று வந்தாலும் நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அப்போது தாத்தாவோடு இருந்த பழக்கம், ஏறாத எடை, சரியாக எடுத்த எக்ஸ்ரே மூன்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார்.

ஆகவே கடலூர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போங்கள். பழைய எக்ஸ்ரே படத்தையே எடுத்துப் போங்கள், அறிக்கை மட்டும் போதாது. தாத்தாவின் சிகிச்சை அட்டையும் வேண்டும்; அவருடைய கிருமி எந்த மருந்துக்கு மசியவில்லை என்பது பேரனின் மருந்தையும் மாற்றும். நோய் உறுதியானால் அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம். இல்லை என்றாலும், 5 வயதுக்குக் கீழே என்பதால் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். அதைத் தவறவிடாதீர்கள்.

மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் நெறி சில சமயம் பெரிதாகத் தெரியலாம். பையன் நன்றாகச் சாப்பிட்டு எடை ஏறினால் பயப்பட வேண்டாம், மருந்தை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் மூச்சுத் திணறல், விடாத வாந்தி, அசாதாரணத் தூக்கம், வலிப்பு இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.