கணினி விளையாட்டுகளில் பெண்கள்: மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கணினி விளையாட்டுகளில் பெயர் பதித்த பெண்களைப் பற்றி, அவர்கள் திரையில் தோன்றும் பாத்திரங்களானாலும் திரைக்குப் பின்னால் இருந்தவர்களானாலும், கேட்க விரும்புவதைக் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன். நான் இலங்கையின் மலையகத்தில், அட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிப்பவள். அதற்கு முன்பிருந்தே விளையாடி வருபவள்.

டீச்சர், என் மகள் தரம் 9 இல் படிக்கிறாள். பின்னேரமானால் போனை எடுத்துக்கொண்டு கேம் விளையாட உட்கார்ந்துவிடுகிறாள். இது ஆம்பிளைப் பிள்ளைகளின் வேலை அல்லவா? (ஒரு தந்தை, பொகவந்தலாவை)

எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்பதற்கு நீங்கள் எல்லை போடுங்கள் ஐயா, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் இது ஆண்பிள்ளைகளின் வேலை என்பதை வரலாறு ஏற்றுக்கொள்ளாது. 1964 ஆம் ஆண்டில், இன்றைய கேம் கடைகளோ வீட்டுக் கணினிகளோ கற்பனையில்கூட இல்லாத காலத்தில், நியூயோர்க் மாநிலத்தில் நான்காம் வகுப்புக்குப் பாடம் நடத்திய மேபல் அடிஸ் என்ற ஆசிரியை, ஐபிஎம் நிறுவனத்தாருடன் சேர்ந்து 'தி சுமேரியன் கேம்' என்ற விளையாட்டை எழுதினார். விளையாடும் மாணவர் பண்டைய லகாஷ் நகரத்தின் ஆட்சியாளர் ஆவார். அறுவடையான தானியத்தில் எவ்வளவை மக்களுக்கு உணவாகக் கொடுப்பது, எவ்வளவை விதைக்கு வைப்பது, எவ்வளவைக் களஞ்சியத்தில் சேர்ப்பது என்று அவரே முடிவெடுக்க வேண்டும். கணக்குத் தவறினால் மக்கள் பட்டினி கிடப்பார்கள். அதற்குத் திரை கிடையாது. கணினியோடு இணைத்த தட்டச்சுப் பொறி எல்லாவற்றையும் கடதாசியில் அச்சிட்டுக் கொடுத்தது. கணினி விளையாட்டுக்குக் கதை எழுதியவர்களில் முதலாமவராக அவரையே சொல்கிறார்கள். அவர் ஓர் ஆசிரியை என்பதில் எனக்குக் கொஞ்சம் தற்பெருமையும் உண்டு.

பெண்கள் கதை எழுதுவார்கள், படம் வரைவார்கள், சரி. நிரல் எழுதிப் பெயரெடுத்தவர்கள் இருக்கிறார்களா? (உயர்தர தொழினுட்பப் பிரிவு மாணவி, தலவாக்கலை)

இருக்கிறார்கள் தங்கச்சி. கரோல் ஷோ என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று 1978 இல் அட்டாரி என்ற விளையாட்டு நிறுவனத்தில் சேர்ந்த அவரை, இனி நிறங்களைப் பொருத்துவது, வீட்டை அலங்கரிப்பது போன்ற விளையாட்டுகளைச் செய்ய ஒரு பெண் கிடைத்துவிட்டார் என்ற பொருளில் பேசி நிறுவனத் தலைவரே வரவேற்றாராம். பின்னர் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக 1982 இல் அவர் வெளியிட்டது 'ரிவர் ரெயிட்'. ஆற்றின் மேல் விமானத்தை ஓட்டிச் சென்று, கப்பல்களையும் பாலங்களையும் சுட்டு, எரிபொருள் தீருவதற்கு முன் நிரப்பிக்கொள்ள வேண்டிய விளையாட்டு அது.

அவருடைய திறமை முழுவதும் அந்த ஆற்றிலேதான் இருக்கிறது. அவரிடம் இருந்த நினைவகம் 4 கிலோபைட் மட்டுமே. இந்தப் பக்கத்தில் நீங்கள் வாசிக்கும் தமிழ் எழுத்துகளைச் சேமிப்பதற்கே அதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். நீண்டு வளைந்து செல்லும் ஆற்றின் வரைபடத்தை அதற்குள் அடக்க முடியாது. ஆகவே அவர் வரைபடத்தைச் சேமிக்கவே இல்லை. ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைப் பிறப்பிக்கும் சிறியதொரு விதியை எழுதி, அந்த எண்களைக் கொண்டு கரைகளையும் தீவுகளையும் எதிரிகளையும் விளையாட்டு ஓடும்போதே உருவாக்கினார். பதினாறாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யாத பிள்ளை, ஒவ்வொரு தடவையும் பதினாறைக் கூட்டிக்கொண்டே போவதைப் போன்ற வேலை அது. தொடக்க எண் மாறாததால், யார் எப்போது விளையாடினாலும் அதே ஆறு அதே வளைவுகளோடு வரும். தொடக்க எண்ணை மாற்றினால் என்ன நடக்கும் என்பதை உங்கள் ஆய்வுகூடத்தில் பைதன் மொழியில் பத்து வரி எழுதிப் பாருங்கள்.

அதே காலத்தில் அட்டாரியின் காசு போட்டு விளையாடும் இயந்திரங்களுக்கான பிரிவில் இருந்த ஒரே பெண் நிரலாளர் டோனா பெய்லி. எட் லொக் என்பவரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'சென்டிபீட்' 1981 இல் வெளிவந்தது.

பெண் பாத்திரங்களை அழகுக்காகத்தானே வைக்கிறார்கள்? 'டூம் ரெய்டர்' விளையாட்டின் லாரா குரோஃப்டை வேறு எப்படிப் பார்ப்பது? (ஓர் இளைஞர், பண்டாரவளை)

பாதி சரியாகச் சொல்கிறீர்கள் தம்பி. அந்தப் பாதியை விளங்கிக்கொள்ள லாராவுக்குப் பத்து ஆண்டுகள் முன்னே போக வேண்டும். 1986 இல் நின்டெண்டோ வெளியிட்ட 'மெட்ராய்ட்' விளையாட்டில், உடல் முழுவதும் கவசம் அணிந்த சாமுஸ் என்ற வீரர் வேற்றுக்கிரக உயிரினங்களோடு போரிடுவார். ஆங்கிலக் கையேடு அவரை ஆண் என்றே குறிப்பிட்டது. விரைவாக விளையாடி முடித்தவர்களுக்கு மட்டும் கடைசிக் காட்சியில் தலைக்கவசம் கழன்று, உள்ளே இருப்பவர் பெண் என்பது தெரியவரும். எத்தனையோ சிறுவர்கள் திகைத்துப்போனார்கள். ஆனால் அதைவிட விரைவாக முடித்தவர்களுக்குக் கிடைத்த பரிசு, சாமுஸை இன்னும் குறைந்த ஆடையில் காண்பது. மரியாதையும் அவமரியாதையும் ஒரே காட்சிக்குள் இருப்பதை அங்கே பாருங்கள்.

1996 இல் 'டூம் ரெய்டர்' விளையாட்டில் வந்த லாரா குரோஃப்டின் கதையும் ஏறத்தாழ இதுதான். புதைந்த நகரங்களைத் தனியே தேடிச் செல்லும் அறிவும் துணிச்சலும் அவளுக்குக் கொடுக்கப்பட்டன. விளம்பரமோ அவளுடைய உடலையே விற்றது. 2013 இல் தொடரைப் புதிதாகத் தொடங்கியபோது முதன்மைக் கதாசிரியராக இருந்தவர் ரியானா பிராட்செட் என்ற பெண். அந்த லாரா இளையவள். அடிபடுகிறாள், பயப்படுகிறாள், பிறகு எழுகிறாள். 1996 இன் லாராவையும் 2013 இன் லாராவையும் அடுத்தடுத்து விளையாடிவிட்டு உங்கள் கேள்வியை மீண்டும் கேளுங்கள்.

சண்டை விளையாட்டான ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டில் சுன்-லீயைத் தவிர வேறு பெண் உண்டா? (அட்டன்)

தெரிவு செய்யக்கூடிய எட்டுப் பேரில் அவள் ஒருத்திதான். ஆனால் 1991 இல் வந்த அந்த விளையாட்டின் இசையில் பெரும்பகுதியை அமைத்தவர் யோகோ ஷிமோமுரா என்ற பெண். ஆகவே சண்டை நடக்கும்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரு பெண்ணின் கைவண்ணமே.

அக்கா, எங்கள் அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். நம்மைப் போன்ற தோட்டத்துச் சனங்கள் எந்த விளையாட்டிலாவது வருகிறார்களா? (மஸ்கெலியா)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். தேயிலைத் தோட்டம் வரும் விளையாட்டை நான் கண்டதில்லை. ஆனால் கரும்புத் தோட்டம் வரும் விளையாட்டு ஒன்று உண்டு. கரீபியன் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவில் பிறந்த முரியேல் திராமி என்ற பொறியியலாளர், பிரான்சின் விமானத் துறையில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, கொக்டெல் விஷன் என்ற விளையாட்டு நிறுவனத்துக்கு வந்தார். 1987 இல் அவர் உருவாக்கிய 'மெவிலோ', 1902 இல் பெலே எரிமலை வெடித்து அழிந்த சென்-பியேர் நகரத்தைக் களமாகக் கொண்டது. அடுத்த ஆண்டில் வந்த 'ஃபிரீடம்' விளையாட்டில், நாம் கரும்புத் தோட்டத்து அடிமையாக நின்று, இரவில் மற்ற அடிமைகளைப் பேசிச் சம்மதிக்க வைத்து, துரைக்கு எதிராகக் கிளர்ச்சியைத் திரட்ட வேண்டும். விளையாட்டுகள் பெரும்பாலும் அரசர்களையும் போர்வீரர்களையும் மட்டுமே கண்ட காலத்தில், தன் முன்னோர் பட்ட பாட்டைத் திரைக்குக் கொண்டுவந்தவர் அவர். 2018 இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 'லெஜியோன் தொனர்' என்ற உயர் விருதை அளித்தது.

நமக்கும் அந்தத் தீவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1848 இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்த பின்னர், கரும்பு வெட்ட ஆள் போதாமல், 1853 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை, பெரும்பாலும் தமிழர்களை, மார்ட்டினிக்குக்குக் கப்பலேற்றினார்கள். நம் முன்னோர் கங்காணியின் பின்னால் மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்து காப்பித் தோட்டங்களுக்கு வந்த அதே காலம் அது. அடிமை முறையும் கூலி முறையும் ஒன்றல்ல; அவற்றை ஒன்றாக்கிப் பேசுவது இரு தரப்பாருக்கும் நியாயமாகாது. ஆயினும் துரையின் பங்களா, லயம், விடியுமுன் எழுந்து நிற்கும் வரிசை என்பவற்றை அந்த விளையாட்டில் அடையாளம் காண்பதற்கு நமக்கு விளக்கவுரை தேவைப்படாது.

தமிழ்ப் பெண் கதாநாயகியாக வரும் விளையாட்டு இருக்கிறதா? (ஒரு தாய், நுவரெலியா)

இருக்கிறது. 2023 இல் கனடாவிலிருந்து வெளிவந்த 'வெண்பா'. தமிழ்நாட்டிலிருந்து கணவன் பாவலனோடு குடிபெயர்ந்த வெண்பா, தாய் கொடுத்த சமையல் குறிப்பேட்டை வைத்துச் சமைக்கிறாள். ஏடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடப்பதால், விடுபட்ட படிகளை விளையாடுபவரே ஊகித்து இட்டிலியையும் மற்றவற்றையும் ஆக்க வேண்டும். அவர்களின் மகன் கவின் வளர வளரத் தமிழிலிருந்து விலகிப் போகிறான். உருவாக்குநர் ஆண் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; இருந்தாலும் அடுப்படியில் நிற்கும் தாயின் தனிமையை அவர் கவனித்தே எழுதியிருக்கிறார். 2024 இல் பிரித்தானியாவின் பாஃப்டா சிறந்த அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மகளோடு சேர்ந்து விளையாடுங்கள்.

கொழுந்து எடுக்கும் பெண்ணைப் பற்றி நானே ஒரு விளையாட்டுச் செய்ய ஆசை. பாடசாலையில் இருப்பது பழைய கணினி. முடியுமா டீச்சர்? (மாணவி, கொட்டகலை)

முடியும். 'ட்வைன்' என்ற இலவச மென்பொருள் உலாவியிலேயே இயங்கும். பழைய கணினி போதும், தமிழிலேயே எழுதலாம். ஒரு பக்கம் எழுதி, அதிலிருந்து இரண்டு மூன்று தெரிவுகள் கொடுத்து, ஒவ்வொன்றையும் இன்னொரு பக்கத்தோடு இணைப்பதே அதன் அடிப்படை. 2013 இல் சோயி குவின் முதன்மையாக நின்று ட்வைனில் உருவாக்கிய 'டிப்ரெஷன் குவெஸ்ட்' மனச்சோர்வைப் பற்றியது. அதில் நல்ல தெரிவுகள் சில கண்ணுக்குத் தெரியும், ஆனால் குறுக்கே கோடு போடப்பட்டிருக்கும்; அவற்றைத் தொட முடியாது. மனச்சோர்வு என்பது என்ன என்று விளக்கும் பல பத்திகளின் வேலையை அந்த ஒரு கோடு செய்துவிடுகிறது.

அந்த உத்தியை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். காலையில் பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் வரிசைக்கு) போகும் நேரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல். 'டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோ' என்ற தெரிவு திரையில் இருக்கும், ஆனால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும் என்பதால் அதன் குறுக்கே கோடு இருக்கும். பின்னேரம் கொழுந்து நிறுக்கும்போது, ஈரத்துக்கென்று கழித்த கிலோவைக் கேட்டு வாதாடும் தெரிவை எங்கே வைப்பது, அதில் கோடு போடுவதா வேண்டாமா என்பதை உங்கள் அம்மாயியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். முதல் பத்துப் பக்கங்களை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். எந்தத் தெரிவு எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று விளையாடிப் பார்த்துச் சொல்கிறேன்.