குளத்து மீனை நீர்நாய்தான் தின்றதா? கணக்குப் போட்டுப் பாருங்கள்

கேள்வி: கொள்ளிடக் கரையை ஒட்டி ஒரு ஏக்கர் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் 4,000 விரலிகள் (விரல் நீள மீன் குஞ்சுகள்) விட்டேன். மீன் சராசரியாக அரைக் கிலோ வந்திருக்கிறது. ஆனால் வலை இழுத்துப் பார்த்ததில் 1,500 கூடத் தேறாது போலிருக்கிறது. இரண்டு மாதமாக நாலு நீர்நாய்கள் வந்து போகின்றன. ஆற்றில் தூண்டில் போட்டாலும் முன்போல மீன் கடிப்பதில்லை. 'பெர்மிட்' வாங்கி நீர்நாய்களைப் பிடித்துப் போவதாக ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அது போனது போனதுதான், மீதியையாவது கொடுக்காதீர்கள்.

அப்படி ஒரு பெர்மிட்டே கிடையாது. நம் ஆறுகளில் கூட்டமாகத் திரியும் இந்த நீர்நாய், 2022 திருத்தத்துக்குப் பிறகு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையில் உள்ள விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாக இருந்தாலோ, பிழைக்க வழியில்லாத நோயோ ஊனமோ வந்திருந்தாலோதான் தலைமை வன உயிரினக் காப்பாளர் பிடிக்க உத்தரவிட முடியும். மீனைத் தின்றது என்பது அதில் சேராது. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பிடித்தவர் தோலை விற்றுக் காசாக்கிக்கொண்டு போய்விடுவார். குளம் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் தேடி வருவார்கள்.

அடுத்து கணக்கு. வளர்ந்த நீர்நாய் ஒன்று நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ மீன் தின்னும். நாலு நீர்நாய், 60 நாள், ஒரு நாள்கூட ஆற்றுப் பக்கம் திரும்பாமல் உங்கள் குளத்திலேயே தின்றாலும் 240 கிலோ. அரைக் கிலோ மீன் என்றால் 480. உங்களுக்குக் குறைவது 2,500. இயல்பாகவே ஆயிரம் வரை செத்துப்போகும் என்று வைத்துக்கொண்டால்கூட இன்னும் ஆயிரம் மீன் எங்கே? (ஒரே இழுப்பை வைத்து முடிவு கட்டவும் கூடாது. மிர்கால் அடிச்சேற்றோடு ஒட்டிக்கொண்டு வலைக்கு அடியில் நழுவிவிடும். இரண்டு மூன்று முறை இழுத்துப் பாருங்கள்.)

என் சந்தேகம் என்னவென்றால், அந்த ஆயிரம் உங்கள் குளத்துக்கு வரவே இல்லை. இதைச் சொன்னால் குஞ்சு வியாபாரிகளுக்கு என் மேல் கோபம் வரும், வரட்டும். மீன் குறைந்தால் "நீர்நாய் அடிச்சிருக்கும் அண்ணே" என்று முதலில் சொல்பவரே குஞ்சு கொடுத்தவராகத்தான் இருப்பார், கவனித்திருக்கிறீர்களா? வண்டி இருட்டும் நேரத்தில் வந்து நிற்கும். "லேட் பண்ணினா செத்துரும், சீக்கிரம் விடுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். ஒரு சல்லடைக் கிண்ணத்தில் குஞ்சை அள்ளி உங்கள் எதிரிலேயே எண்ணுவார்கள். அந்த முதல் கிண்ணத்தைக் குலுக்கி, தண்ணீர் வடித்து, தலை தட்ட நிரப்பியிருப்பார்கள். அதற்குப் பிறகு ஊற்றும் கிண்ணங்களைப் பாருங்கள், பாதி தண்ணீர். கிண்ணக் கணக்கு சரியாக இருக்கும், குஞ்சுதான் இருக்காது. ஆக்சிஜன் பாக்கெட்டிலும் இதே கதை. 500 என்று எழுதியிருந்த ஒரு பாக்கெட்டைப் பிரித்து நானே உட்கார்ந்து எண்ணினேன், முந்நூற்றைம்பதுகூடத் தேறவில்லை. கேட்டால், வழியில் செத்ததை எடுத்துப் போட்டுவிட்டார்களாம்.

அடுத்த முறை பகலில் வரச் சொல்லுங்கள். பத்தாவது கிண்ணமோ பதினைந்தாவதோ, நடுவில் ஒன்றை நீங்களே நிறுத்தி ஒரு வாளியில் கொட்டி எண்ணுங்கள். அவர் முகம் போகிற போக்கிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சரி, நீர்நாய் தின்னவே இல்லையா? தின்கிறது. ஈர மண்ணில் ஐந்து விரலும் நடுவே சவ்வும் பதிந்த தடம், மீன் செதிலும் முள்ளுமாக நாறும் எச்சம் இரண்டும் கரையில் இருந்தால் அது நீர்நாய்தான். நாலு விரல் தடம் என்றால் நாய். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டு, பிறகு செத்து மிதந்தால் அது ஆக்சிஜன் குறைவு. அதற்கு நீர்நாயைத் திட்டிப் பயனில்லை.

தடுப்பதற்கு ஒரே வழி வேலி. இரண்டு அங்குலத்துக்கு மேல் கண் இல்லாத கம்பி வலை, தரைக்கு மேல் ஐந்தடி. அடிப்பகுதியை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கி வெளிப்பக்கமாக மடக்கிப் புதைக்க வேண்டும், இல்லையென்றால் தோண்டிக்கொண்டு வந்துவிடும். மேல் விளிம்பையும் வெளிப்பக்கம் சாய்த்து விடுங்கள். தண்ணீர் வரும் மடைக்கும் வடியும் குழாய்க்கும் கம்பிச் சட்டம் போடாமல் விட்டால் மொத்த வேலியும் வீண். குளம் சதுரமாக இருந்தால் சுற்றளவு 250 மீட்டருக்குச் சற்று மேல் வரும், செலவுதான். அதனால் ஆற்றுப் பக்கம் மட்டும் அடித்தால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது, அது சுற்றிக்கொண்டு வரும். 1990களின் கடைசியில் சிங்கப்பூருக்குத் திரும்பி வந்ததும் இதே இன நீர்நாய்தான். அங்கே வீட்டுத் தொட்டிகளில் இருந்த விலையுயர்ந்த கோய் மீன்களைத் தின்று தீர்த்தது. கடைசியில் அவர்களும் வேலிக்கும் மூடிக்கும்தான் வந்தார்கள்.

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுக்கும் யோசனை யாராவது சொன்னால் அந்த ஆளைக் குளத்துப் பக்கமே சேர்க்காதீர்கள். நீர்நாய்க்கு முன்னால் கூலிக்கு வந்தவரோ உங்கள் பிள்ளையோ மாட்டிக்கொள்வார்கள்.

நீர்நாய் உண்மையிலேயே குளத்தைக் காலி செய்யும் காலம் ஒன்று உண்டு, அது கோடை. ஆறு வற்றி, உங்கள் குளத்தில் மட்டும் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது மீன் ஓடி ஒளிய ஆழமில்லை. நீர்நாய்க்கும் வேறு போக்கிடம் இல்லை. அப்போது தினமும் வரும், குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வரும். மே மாதத்தில் விலை ஏறட்டும் என்று வற்றிய குளத்தில் மீனை நிறுத்தி வைத்திருப்பவர்கள் நான் மேலே போட்ட கணக்கை மறந்துவிடலாம். தண்ணீர் மூன்றடிக்குக் கீழே போவதற்குள் பிடித்து விற்றுவிடுங்கள், விலை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

இழப்பீடு கேட்டு மனு எழுதலாமா என்றால், எழுதுங்கள், நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் ஒரு துறை, நீர்நாய் இன்னொரு துறை. இங்கே போனால் அங்கே, அங்கே போனால் இங்கே. நஷ்டப்பட்ட குளத்தைப் பார்க்க வருவதற்கு வண்டி இருக்காது. அதே கரையில் ஒரு நீர்நாய் செத்துக் கிடக்கட்டும், மதியத்துக்குள் நாலு ஜீப் நிற்கும்.

கடைசியாக உங்கள் தூண்டில். மீன் இல்லாத ஆற்றில் நீர்நாய் குட்டி போட்டுக் குடும்பம் நடத்தாது, அது தங்கியிருக்கிறது என்றால் அந்தப் பக்கம் மீன் இருக்கிறது. மணல் அள்ளிய குழிகளும், கொசுவலை மாதிரியான வலைகளும், ராத்திரியில் மீனைக் கொல்ல வெடித் தோட்டாவும் மின்சாரம் பாய்ச்சும் பேட்டரிக் கம்பியும் கொண்டு இறங்குகிறவர்களும் செய்த வேலையை நாலு நீர்நாய் செய்ய முடியாது. நீர்நாய் நடமாடும் மடுவுக்கு விடிந்து இரண்டு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். அது கலக்கிவிட்டுப் போனதும் கொஞ்ச நேரம் எதுவும் கடிக்காது, அப்புறம் மீன் பழையபடி மேயும்.